ஒரு மதுரைச் செங்கல்லின் வாழ்வும் மறுவாழ்வும்

மதுரை மாசி வீதிகளை ஒட்டிய சந்து ஒன்றில் பழைய வீடு இடிபடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே உதிர்ந்து கிடக்கும் செங்கல் ஒன்றைக் கையில் எடுத்தால் சுமார் மூன்று கிலோ கனக்கும். அது வந்த வழி முழுவதும் அதன் மேலேயே எழுதியிருக்கும். அச்சில் தூவிய மணலின் சொரசொரப்பு ஒரு பக்கம், சூளைத் தீ பட்ட கருமை ஒரு முனையில், மேலும் கீழும் காரையின் வெள்ளை. அந்தக் கல் எங்கே பிறந்தது, சுவரில் என்ன செய்தது, இடிந்த பிறகு எங்கே போகிறது, எங்கே போக வேண்டும் என்று நாட்டின் சட்டம் சொல்கிறது? இவற்றைப் பிறப்பிலிருந்தே தொடர்ந்து பார்க்கலாம்.

கண்மாய் மண்

மதுரையைச் சுற்றியுள்ள சமவெளி கண்மாய்களால் ஆனது. வைகையில் தண்ணீர் ஓடுவது சில நாட்கள்தான். அதைப் பிடித்து வைத்துத்தான் ஆண்டு முழுவதும் பிழைக்க வேண்டும். ஒரு கண்மாய் நிறைந்து கலுங்கு வழிந்தால் அடுத்த கண்மாய்க்குத் தண்ணீர் போகும்படி முன்னோர் வரிசையாக வெட்டி வைத்தார்கள். வெள்ளத்தோடு வரும் வண்டல் அடியில் படியும். கோடையில் அது காய்ந்து பாளம் பாளமாக வெடிக்கும்போது விவசாயி வயலுக்கு அள்ளினார், குயவர் சக்கரத்துக்கு அள்ளினார், சூளைக்காரர் செங்கல்லுக்கு அள்ளினார். அளவோடு அள்ளியவரை கண்மாயும் தூர்வாரப்பட்டது, ஊருக்கும் வீடு கிடைத்தது.

இந்த மண்ணில் செங்கல் அறுப்பது நேற்றுத் தொடங்கிய தொழில் இல்லை. மதுரைக்குத் தென்கிழக்கே சுமார் 12 கிலோமீட்டரில், வைகைக் கரையை ஒட்டிய கீழடியில் செங்கல் கட்டுமானங்கள் வெளிப்பட்டன. அங்கே கிடைத்த மாதிரி ஒன்றின் காலம் பொ.ஆ.மு. ஆறாம் நூற்றாண்டு என்று கரிமப் பகுப்பாய்வு காட்டியது. கீழடிச் செங்கல்லையும் சாந்தையும் ஆய்வுக்கூடத்தில் பிரித்துப் பார்த்த முடிவுகளைத் தமிழகத் தொல்லியல் துறை 2019இல் வெளியிட்டது. செங்கல்லில் 80 சதவீதத்துக்கு மேல் சிலிக்கா, 7 சதவீத அளவில் சுண்ணாம்பு. கற்களை ஒட்டிய சாந்தில் 97 சதவீதம் சுண்ணாம்பு. இந்தக் கடைசி எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். செங்கல்லின் ஆயுள் ஒன்றா இரண்டா என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் அதை ஒட்டிய சாந்துதான்.

சூளை

களிமண்ணை ஊறப்போட்டு, மிதித்து, அச்சில் அடித்து, வெயிலில் காயவைத்து அடுக்கினால் பச்சைக்கல் தயார். அதைச் சுடுவதற்கு இந்த வட்டாரத்தில் சீமைக்கருவேல விறகு தாராளம். சுமார் ஆயிரம் டிகிரி செல்சியஸ் வரை ஏறும் சூட்டில் களிமண்ணின் துகள்கள் உருகி ஒன்றோடொன்று பிணைகின்றன. அதன் பிறகு எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் அது மறுபடி களிமண்ணாகக் கரையாது. மண்ணுக்குத் திரும்ப முடியாத பொருளாக அது மாறிவிடுகிறது. நன்றாக வெந்த இரண்டு கற்களைத் தட்டினால் கணீரென்று கேட்கும். வேகாத கல் மொத்தென்று ஒலிக்கும். கொத்தனார் காதாலேயே கல்லைப் பொறுக்குவார்.

நகரத்தின் மேற்கே ஒரு காலத்தில் சூளைகள் இருந்ததைக் காளவாசல் என்ற பேருந்து நிறுத்தத்தின் பெயர் இன்னும் சொல்கிறது. ஊர் வளர்ந்தபோது சூளைகள் வெளியே நகர்ந்தன. சிலைமான், திருப்புவனம், மானாமதுரை என்று வைகையோடு கிழக்கே போனால் புகைபோக்கிகளைப் பார்க்கலாம். நாட்டுச் செங்கல்லும் சேம்பர் செங்கல்லும் அங்கிருந்துதான் லாரி ஏறி மதுரைக்குள் வருகின்றன.

சுவர்

அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முன் கட்டிய மதுரை வீடுகளில் செங்கல்லை ஒட்டியது பெரும்பாலும் சுண்ணாம்புக் காரை. சுண்ணாம்பையும் மணலையும் செக்கில் அரைத்துப் பூசினார்கள். தேக்கு உத்தரங்களின் மேல் செங்கல்லை அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்துத் தளம் போட்டார்கள். மெட்ராஸ் டெரஸ் என்று பொறியாளர்கள் சொல்லும் மச்சு அதுதான். உடைந்த செங்கல்லுக்கும் அந்தத் தளத்தில் இடம் இருந்தது. செங்கல் தூளைச் சுண்ணாம்போடு கலந்து பூசினால் ஈரத்தைத் தாங்கும் என்பதும் அவர்கள் அறிந்ததே. கட்டும் இடத்தில் செங்கல்லின் எந்தத் துண்டும் குப்பைக்குப் போகவில்லை.

சுண்ணாம்புக் காரை கல்லைவிட மென்மையானது. கரண்டியால் தட்டினால் உதிரும், கல் முழுசாக வந்துவிடும். சிமெண்ட் சாந்து அப்படி இல்லை. அது பல நேரம் கல்லைவிட உறுதியானது. பிரிக்கப் பார்த்தால் சாந்து விடாது, கல்தான் உடையும். ஆகவே சுண்ணாம்புச் சுவரின் செங்கல் இடித்த பிறகும் செங்கல்லாகவே இருந்தது. சிமெண்ட் சுவரின் செங்கல்லுக்கு அந்த வாய்ப்பு குறைவு. கட்டும்போதே அதன் முடிவு பாதி தீர்மானமாகிவிடுகிறது.

இடித்ததை வீணாக்காத ஊர்

கட்டடத்தை இடித்து, வந்த பொருளை மறுபடி பயன்படுத்துவதில் மதுரைக்கு நீண்ட அனுபவம் உண்டு. 1636இல் கட்டி முடிக்கப்பட்ட திருமலை நாயக்கர் மகாலில் இன்று நாம் பார்ப்பது சிறு பகுதிதான். தலைநகரைத் திருச்சிராப்பள்ளிக்கு மாற்றிய சொக்கநாத நாயக்கர் மகாலின் பெரும்பகுதியைப் பிரித்து, அங்கே அரண்மனை கட்டப் பொருள்களைக் கொண்டுபோனார் என்பது வரலாறு. எஞ்சியதைச் சென்னை ஆளுநர் நேப்பியர் பிரபு 1866க்குப் பிறகு சீரமைக்க ஏற்பாடு செய்தார்.

இதைவிடப் பெரிய வேலை 1840ஐ ஒட்டிய ஆண்டுகளில் நடந்தது. விசுவநாத நாயக்கர் காலத்தில் 72 கொத்தளங்களோடு எழுந்த கோட்டைச் சுவருக்குள் மதுரை நெருக்கியடித்துக் கிடந்தது. வெளியே அகழி சாக்கடையாகத் தேங்கியிருந்தது. 1834 முதல் 1847 வரை கலெக்டராக இருந்த பிளாக்பர்ன் கோட்டையை இடிக்க முடிவு செய்தார். சுவரை இடித்து அகழியைத் தூர்த்தவர்களுக்கு அந்த நிலத்தில் மனை கிடைக்கும்படி ஏற்பாடு செய்தார். சுவரின் இடிபாடு பக்கத்திலேயே இருந்த அகழிக்குள் போனது. அதன் மேல் வெளி வீதிகள் வந்தன. அந்தப் பணியில் இருந்தவர்களின் பெயரைப் பெருமாள் மேஸ்திரி வீதியும் மாரட் வீதியும் இன்னும் தாங்கி நிற்கின்றன. பெரியார் பேருந்து நிலையத்துக்கு அருகே கோட்டையின் ஒரு துண்டு மட்டும் மிஞ்சியிருக்கிறது.

அந்த வேலை நடந்ததற்குக் காரணங்கள் தெளிவானவை. இடிபாடு எங்கே போக வேண்டும் என்று முன்கூட்டியே முடிவாகியிருந்தது. தூரம் குறைவு. கொண்டுபோய்ப் போட்டவருக்கு ஆதாயம் இருந்தது. இடம், தூரம், ஆதாயம் என்ற அதே மூன்றுதான் இன்றும் செங்கல்லின் போக்கை முடிவு செய்கின்றன.

இடிபடும் நாள்

கடப்பாரையும் சம்மட்டியும் கொண்டு இடித்த காலத்தில் ஒரு வீட்டை இறக்க இரண்டு வாரமாவது ஆகும். முதலில் கதவு, நிலை, ஜன்னல், உத்தரம் கழன்று பழைய மரச்சாமான் கடைக்குப் போகும். கம்பி பழைய இரும்புக் கடைக்குப் போகும். பிறகு மேலிருந்து வரிசை வரிசையாகக் கல்லை எடுத்து, கீழே உட்கார்ந்த பெண்கள் பழைய கரண்டியின் விளிம்பால் காரையைச் சுரண்டி, முழுக்கல் ஒரு பக்கம், அரைக்கல் ஒரு பக்கம் என்று அடுக்குவார்கள். முழுக்கல் சுற்றுச்சுவருக்கும் மாட்டுக்கொட்டகைக்கும் விலைபோகும். அரைக்கல் ஜல்லியாக உடைந்து மொட்டைமாடித் தளத்துக்குப் போகும். மிஞ்சிய மண்ணும் காரையும் புதுவீட்டு அஸ்திவாரத்தை நிரப்பும். இதற்கு யாரும் மறுசுழற்சி என்று பெயர் வைக்கவில்லை. கூலி கொடுத்துப் பிழைப்பாக நடந்த வேலை அது.

இன்று ஜேசிபி காலையில் வருகிறது, மாலையில் வீடு இல்லை. செங்கல், கான்கிரீட், ஓடு, டைல்ஸ், பிவிசி குழாய், ஒயர், தெர்மகோல், பழைய துணி, ஆஸ்பெஸ்டாஸ் துண்டு எல்லாம் ஒரே குவியல். நேற்றுவரை செங்கல்லாக இருந்தது இன்று ரப்பீஸ். வேலைக்காரர்கள் அதற்குச் சொல்லும் பெயர் அதுதான். செங்கல் கழிவாவது சுவர் விழும்போது அல்ல, மற்றவற்றோடு கலக்கும்போது. குவியலாகிவிட்ட பிறகு அதைப் பிரிக்கக் கூலி அதிகம், கிடைக்கும் விலை குறைவு. யாரும் தொட மாட்டார்கள்.

வண்டி எங்கே போகிறது

டிராக்டர் டிரைலரோ டிப்பரோ வாசலில் நிற்கிறது. நடைக்கு இவ்வளவு என்று பேசி ஏற்றுகிறார்கள். வண்டி எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு டீசல் செலவு. ஆகவே அருகில் இருக்கும் இடம்தான் வண்டிக்காரரின் முதல் தேர்வு.

சில நடைகள் நல்ல இடத்துக்கே போகின்றன. புறநகரில் வயலாக இருந்து மனையான இடங்கள் தாழ்ந்து கிடக்கின்றன. அவற்றை உயர்த்த ரப்பீஸ் கேட்பவர்கள் உண்டு. நகருக்குள்ளும் இந்தத் தேவை குறையவில்லை. பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே சாலை போட்டதில் எத்தனையோ தெருக்களில் வாசல் தாழ்ந்துவிட்டது. மழைக்குத் தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது. வீட்டை இடித்து உயர்த்திக் கட்டுகிறார்கள், அதற்கு நிரப்பத் தேவைப்படுகிறது. பழைய சாலையைச் சுரண்டி எடுத்த பிறகே புதிது போட வேண்டும் என்று தலைமைச் செயலாளர் 2021 மே மாதம் உத்தரவிட்டதற்கு இந்தத் தொல்லையும் காரணம். சாலையைச் சுரண்டியிருந்தால் இடிபட்டிருக்க வேண்டியிராத வீடுகள் பல.

மற்ற நடைகள் கண்மாய்க் கரைக்கும் வாய்க்கால் ஓரத்துக்கும் போகின்றன. இரவில் கொட்டிவிட்டுப் போனால் காலையில் யாருடையது என்று தெரியாது. களிமண்ணாக எடுத்த இடத்துக்கே செங்கல் திரும்பி வந்தது நியாயம்தானே என்று தோன்றலாம். நியாயம் இல்லை. சுட்ட கல் கரைந்து வண்டலாகாது. வயலுக்கு அள்ள முடியாது. கண்மாய் கொள்ளும் தண்ணீரின் அளவைக் குறைத்துக்கொண்டு அங்கேயே கிடக்கும். வரத்துக்கால்வாயில் விழுந்தால் கண்மாய்க்குத் தண்ணீர் வராது. கலுங்கின் வழியில் விழுந்தால் நிறைந்த தண்ணீர் வெளியேறாது. 2024 அக்டோபரில் ஒரே பிற்பகலில் கொட்டிய மழையில் செல்லூர்ப் பகுதி மூழ்கியபோது, செல்லூர் கண்மாயின் உபரிநீரை வைகைக்குக் கொண்டுபோகும் பந்தல்குடி வாய்க்காலைப் பற்றித்தான் ஊரே பேசியது. வாய்க்காலைக் குறுக்கும் காரணங்கள் பல, ஆக்கிரமிப்பும் குப்பையும் உட்பட. அந்தப் பட்டியலில் நம் வீட்டு இடிபாட்டையும் நாமே சேர்க்க வேண்டாம். கண்மாய்களைக் காக்கத் தமிழ்நாட்டில் 2007ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் வந்தது. நகருக்குள் ஓடும் கிருதுமால் நதியைச் சாக்கடையாகப் பார்த்துப் பழகிய ஊருக்கு, நீர்நிலைகளை ஏன் காக்க வேண்டும் என்று விளக்க வேண்டியதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது

நீண்ட காலம் கட்டட இடிபாட்டுக்கென்று தனி விதி இல்லை. நகரத் திடக்கழிவு விதிகளுக்குள் அது ஓர் ஓரமாக இருந்தது. 2016 மார்ச் 29 அன்று ஒன்றிய அரசு கட்டுமானம் மற்றும் இடிபாட்டுக் கழிவு மேலாண்மை விதிகளை வெளியிட்டது. அவற்றின்படி இடிபாட்டுக்கு முதல் பொறுப்பு அதை உண்டாக்குபவருடையது. வேறு குப்பை அதில் கலக்கக் கூடாது. போக்குவரத்துக்கும் வடிகாலுக்கும் இடைஞ்சலாகப் போடக் கூடாது. ஒரு நாளில் 20 டன், அல்லது ஒரு திட்டத்தில் மாதம் 300 டன் என்ற அளவைத் தொட்டால், கான்கிரீட், மண், இரும்பு–மரம்–பிளாஸ்டிக், செங்கல்–சாந்து என்று நான்காகப் பிரித்து, உள்ளாட்சியிடம் முன்னதாகத் திட்டம் கொடுத்து ஒப்புதல் பெற வேண்டும் என்றன அந்த விதிகள்.

இந்த 20 டன் பெரிய கட்டடங்களுக்குத்தான் என்று பலர் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். பழைய கட்டடத்தை இடித்தால் சதுர மீட்டருக்கு 300 முதல் 500 கிலோ இடிபாடு வரும் என்பது இந்தியாவில் பரவலாகக் கையாளப்படும் மதிப்பீடு. ஆயிரம் சதுர அடி வீடு என்றால் ஏறத்தாழ 93 சதுர மீட்டர். ஆக 28 டன்னிலிருந்து 46 டன் வரை. இரண்டு வாரம் கையால் இடித்தால் ஒரு நாளும் 20 டன்னைத் தொடாது. ஜேசிபி வைத்து ஒரே நாளில் தள்ளினால் சாதாரண வீடே அந்த வரம்பைத் தாண்டிவிடும். வேகமாக இடிப்பவர் பிரித்துக் காட்ட வேண்டும் என்பதே இதன் பொருள். மதுரையின் சந்து வீடுகளும் இதற்குள் வந்தன.

உள்ளாட்சிக்கும் கடமை உண்டு. பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களில் 18 மாதத்தில் மறுசுழற்சி வசதி இயங்க வேண்டும் என்றது விதி. 2011 கணக்கெடுப்பிலேயே மதுரை அந்த எண்ணிக்கையைத் தாண்டிவிட்டது. அதாவது 2017 செப்டம்பர் கெடு. நாடு முழுவதும் 53 நகரங்களில் ஆலை எதிர்பார்க்கப்பட்டது. 2020இல் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் ஆராய்ந்தபோது 13 நகரங்கள்தான் அமைத்திருந்தன. ஆண்டுக்குச் சுமார் 15 கோடி டன் இடிபாடு உண்டாகும் நாட்டில் மறுசுழற்சி ஆவது ஒரு சதவீதம் அளவுக்கே என்று அந்த மையம் கணக்கிட்டது.

2025 ஏப்ரலில் ஒன்றிய அரசு புதிய விதிகளை வெளியிட்டது. 2026 ஏப்ரல் 1 முதல் அமல் என்று அறிவித்தது. 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள திட்டங்களின் உரிமையாளர்கள் இணையதளத்தில் பதிவு செய்து, தங்கள் இடிபாட்டில் குறிப்பிட்ட பங்கு மறுசுழற்சி ஆனதற்குக் கணக்குக் காட்ட வேண்டும். பெரிய கட்டடங்களைக் கணக்குக்குள் கொண்டுவந்தது நல்ல முயற்சி. ஆனால் மதுரையில் தினமும் இடிபடுவது பெரும்பாலும் சிறிய வீடுகள். அவற்றின் செங்கல்லைக் காப்பது மாநகராட்சியும் வீட்டுக்காரரும் இடிக்கும் ஒப்பந்தக்காரரும்தான்.

கிரஷர்

ஆலைக்குப் போய்ச் சேர்ந்த செங்கல்லுக்கு என்ன நடக்கிறது? வண்டி எடைமேடையில் ஏறுகிறது. கொட்டிய குவியலில் மரம், துணி, பிளாஸ்டிக்கைக் கையால் பொறுக்குகிறார்கள். மண் சலித்து இறங்குகிறது. கிரஷரின் தாடைகளுக்குள் கல் நொறுங்குகிறது. காந்தம் கம்பித் துண்டுகளை இழுத்துக்கொள்கிறது. பல அளவுச் சல்லடைகளில் ஜல்லியும் மணலும் பிரிகின்றன. சில ஆலைகளில் தண்ணீரில் கழுவிச் சேற்றையும் பிரிக்கிறார்கள். வெளியே வருபவை நடைபாதைக் கல், சாலையோர விளிம்புக் கல், சுவர்க் கல், சாலையின் அடிப்படுகை.

நாட்டில் முதல் ஆலை டெல்லி புராரியில் 2009இல் தொடங்கியது. உச்ச நீதிமன்றத்தின் புதிய கட்டடத்தில் இடிபாட்டிலிருந்து செய்த சுமார் 18 லட்சம் கற்கள் பயன்பட்டன. தமிழ்நாட்டில் சென்னை மாநகராட்சி பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் ஆலைகளை அமைத்தது. முடியாத காரியம் இல்லை என்பதற்கு இவையே சாட்சி.

ஆனால் எல்லாத் துண்டும் எல்லா வேலைக்கும் ஆகாது. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐஎஸ் 383 தரக்குறிப்பு 2016இல் திருத்தப்பட்டபோது மறுசுழற்சி ஜல்லிக்கு முதல்முறையாக இடம் தந்தது. கான்கிரீட்டை நொறுக்கிய ஜல்லியைச் சாதாரணக் கான்கிரீட்டில் 25 சதவீதம் வரை, கம்பி போட்ட கான்கிரீட்டில் எம்25 தரம் வரை 20 சதவீதம் சேர்க்கலாம். செங்கல் கலந்த ஜல்லிக்கு அந்த அனுமதி இல்லை. அஸ்திவாரத்துக்கு அடியில் போடும் வலுக்குறைந்த கான்கிரீட்டில் மட்டும் அதை முழுமையாகப் பயன்படுத்தலாம். காரணம் எளிது. செங்கல் தண்ணீரை உறிஞ்சும். நல்ல செங்கல்லே தன் எடையில் 20 சதவீதம் வரை உறிஞ்சலாம் என்று தரக்குறிப்பு ஒப்புக்கொள்கிறது. சிமெண்டுக்கு ஊற்றிய தண்ணீரை ஜல்லி குடித்துவிட்டால் கான்கிரீட் உறுதி குறையும். கான்கிரீட்டும் செங்கல்லும் ஒரே குவியலாகப் போனால் இரண்டுமே கீழ்த்தரமாக எண்ணப்படும். வீட்டு வாசலில் பிரிக்காததன் நஷ்டம் ஆலையின் கடைசிச் சல்லடைவரை தொடர்கிறது.

அடுத்த முகவரி

கிரஷரிலிருந்து வந்த கல்லை யார் வாங்குவது? வாங்குபவர் இல்லாவிட்டால் ஆலை வளாகத்திலேயே அது மலையாகக் குவியும். 2016 விதிகள் இதை யோசித்தே, உள்ளாட்சி, அரசு ஒப்பந்தங்களில் 10 முதல் 20 சதவீதம் இத்தகைய பொருள்களை வாங்குவதைக் கட்டாயமாக்கச் சொல்லின. மதுரையில் நடைபாதை, வடிகால் ஓரம், பூங்காப் பாதை, பள்ளி வளாகம் என்று மாநகராட்சி போடும் கற்களுக்குக் கணக்கே இல்லை. அவற்றில் ஐந்தில் ஒரு பங்கு பழைய மதுரை வீடுகளிலிருந்து வரட்டும்.

இந்த வட்டாரத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. புதிய ஜல்லியும் எம்சாண்டும் குன்றுகளை உடைத்துத்தான் வருகின்றன. மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டியை 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. அங்கே டங்ஸ்டன் சுரங்கம் வரும் என்றபோது மக்கள் திரண்டு எதிர்த்து, 2025இல் ஏலத்தை ரத்து செய்ய வைத்தார்கள். குன்றைக் காக்கப் போராடிய மாவட்டம், உடைத்த கல்லை ஒருமுறை பயன்படுத்திவிட்டுக் கண்மாயில் கொட்டுவது பொருந்தாது.

செய்ய வேண்டியவை தெரிந்தவையே. மாநகராட்சியின் ஐந்து மண்டலங்களிலும் இடிபாடு சேர்க்கும் இடம் வேண்டும், வண்டிக்காரருக்குக் கண்மாயைவிட அது பக்கமாக இருக்க வேண்டும். இடிப்பு அனுமதி தரும்போதே, எத்தனை டன் வரும், எந்த வண்டியில் எங்கே போகும் என்று எழுதி வாங்க வேண்டும். இறக்கிய ரசீதைக் காட்டினால்தான் புதுக்கட்டட அனுமதி நகர வேண்டும். ஜேசிபி வருமுன் ஒரு வாரம் கையால் பிரிக்க ஒப்பந்தத்தில் கூலி ஒதுக்க வேண்டும். அந்தக் கூலி பழைய கல்லுக்கும் கம்பிக்கும் மரத்துக்கும் கிடைக்கும் விலையில் ஓரளவு திரும்பி வரும்.

வீட்டை இடிக்கப்போகிறவர் ஒப்பந்தக்காரரிடம் எத்தனை ரூபாய் என்று கேட்பதோடு நிறுத்தாமல், கல்லை எங்கே கொட்டப்போகிறீர்கள் என்றும் கேட்க வேண்டும். பதில் எழுத்தில் வேண்டும். அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத ஒப்பந்தக்காரருக்கு வேலையைக் கொடுக்காதீர்கள்.